மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மனைவியை நேருக்கு நேர் வெல்ல முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடங்கள் ஆயின. அதனால் பத்தாவது வருடத்தில் அவளை அன்பால் வெல்வது என்று தீர்மானித்தேன். அந்த அன்பு அதிகம் செலவு வைக்காததாக இருக்க வேண்டும் என்பது துணைத் தீர்மானம்.

பிரச்சினை எங்கள் வீட்டு முன்னறை. அங்கே என் சாய்வு நாற்காலி இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் லிஃப்ட்டுகளை ஏற்றி இறக்கிப் பழுது பார்க்கும் நான், ஏழாம் நாள் அதில் இறங்கினால் ஏறுவதில்லை. அந்த அறையில்தான் தையல் வகுப்பு தொடங்கப்போவதாக அவள் அறிவித்தாள். நான்கு மிஷின், எட்டுப் பெண்கள், சனியும் ஞாயிறும். நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போகுமாம். நான் எங்கே போவது என்று கேட்டேன். நாற்காலி போகிற இடத்துக்கு என்றாள்.

ஒரு வார இதழில், தம்பதிகள் காசில்லாமல் மாலைப் பொழுதைக் கழிக்க யோசனைகள் போட்டிருந்தார்கள். சேர்ந்து நடங்கள் என்றார்கள். நடந்தோம். நான் வீடு திரும்பியபோது அவள் குளித்தே முடித்திருந்தாள். சேர்ந்து சமையுங்கள் என்றார்கள். அன்று நான் உரித்த வெங்காயத்தை வைத்து ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம். கடைசி யோசனை, மொட்டை மாடியில் கைகோத்து ஊரைப் பாருங்கள் என்பது. அங்கேதான் என் தொழில் மூளை விழித்துக்கொண்டது. மொட்டை மாடியில் பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவாள். லிஃப்ட்டில் எங்கே போவாள்?

என்னோடு வேலை செய்யும் மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்போம். அவன் கை பட்ட காகிதத்தில் பூதக்கண்ணாடி இல்லாமலே ரேகை பார்க்கலாம். அபூர்வமாக ஒரு ஞாயிறு மாலை, ஆளில்லாத ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் எங்களுக்குப் பராமரிப்பு வேலை இருந்தது. உச்சியிலிருந்து ஊரைக் காட்டுவதாகச் சொல்லி அவளை அழைத்து வருவேன். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் அவன் மேலே இயந்திர அறையிலிருந்து லிஃப்ட்டை நிறுத்த வேண்டும். நான் அபாய மணியை மூன்று முறை அடித்தால் விட்டுவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. பயந்த மனைவி, பதறாத கணவன், பத்து நிமிடம். முன்னறை என் கைக்கு வந்துவிடும்.

லிஃப்ட் நின்றது. அவள் பயப்படவில்லை. பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில் வந்தது. விசிறி வந்தது. வறுத்த கடலையும் வந்தது. மாடியில் உட்காரக் கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கதான் மெக்கானிக் ஆச்சே. சரி பண்ணுங்க."

"உள்ள இருந்து பண்ண முடியாதும்மா."

"பதினெட்டு வருஷ சர்வீஸ்னு சொல்வீங்களே."

"அதெல்லாம் வெளிய இருந்து."

"அப்ப உக்காருங்க."

நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை ஆரம்பித்தேன். அவள் உடம்பு என்னாவது, எட்டுப் பெண்களின் சத்தத்தில் தலை என்னாவது என்று உருகினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு காகிதத்தை விரித்தாள். எங்கள் வீட்டின் வரைபடம். நான்கு மிஷினுக்கும் அளவோடு இடம் குறித்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் 'அவர்' என்று எழுதியிருந்தது.

பேச்சுவார்த்தை முறிந்தது. எதேச்சையாக அடிப்பதுபோல மணியை மூன்று முறை அடித்தேன். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி மூன்று. ஏன் மூன்று மூன்றாக அடிக்கிறேன் என்று கேட்டாள். கம்பெனி வழக்கம் என்றேன்.

அரை மணி நேரம் ஆனது. எனக்கு வேறோர் அவசரமும் முட்டிக்கொண்டு வந்தது. கிளம்பும்போது, என்றும் இல்லாத அதிசயமாக, அவளே இரண்டு டம்ளர் டீ கொடுத்திருந்தாள்.

"ஒன்பது வருஷமா அந்த நாற்காலிக்கு முன்னால நின்னுதான் உங்ககிட்ட பேசுறேன்," என்றாள் நிதானமாக. "கண்ணை மூடிக்கிட்டு 'ம்' போடுவீங்க. எனக்குன்னு ஒரு வேலை வேணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? இன்னிக்குத்தான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேக்குறீங்க."

நான் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"சரி, நடத்திக்கோ."

"எதை?"

"வகுப்பை."

"நாற்காலி?"

"மாடிப்படிக்கு அடியில."

காகிதத்தை மடித்தாள். விரிப்பை உதறி மடித்தாள். பிறகு கையை நீட்டி, மணியை ஒரே ஒரு முறை அடித்தாள். லிஃப்ட் கிளம்பிவிட்டது.

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. கையைத் துடைத்துக்கொண்டே கிரீஸ் நின்றிருந்தான். என்னை அவன் பார்க்கவே இல்லை.

"அண்ணி, என் வீட்டுக்காரி கேக்கச் சொன்னா. அவளுக்கு சனிக்கிழமை வகுப்பா, ஞாயித்துக்கிழமையா?"