மாம்பழச் சாமியின் மார்கழிச் சாறு

எண்பத்து மூன்றாம் வருஷம் மார்கழியில் ஆரணிக்கு ஒரு பாக்கியம் வந்து இறங்கியது. பேர் மாம்பழச் சாமி. காய்ந்த மாங்கொட்டையைச் செம்புத் தண்ணீரில் போடுவார். காவித் துணியால் மூடுவார். துணிக்குள் கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். துணியை எடுத்தால் செம்பு நிறைய மாம்பழச் சாறு! மாம்பழமே இல்லாத மாதத்தில்! போளூரிலிருந்தும் செய்யாரிலிருந்தும் பஸ் கொள்ளாத கூட்டம். குடித்தால் டி.பி. தீருமாம். ஆஸ்பத்திரி மருந்தைத் தொட்டால் மட்டும் அருள் ஓடிவிடுமாம். அருளுக்கு அவ்வளவு பயம்.

நெசவாளி மாணிக்கவேலுக்கும் டி.பி. இருந்தது. ஊசியில் பாதி தேறியிருந்தவர், அதை நிறுத்திவிட்டுச் சாறு குடித்தார். பத்தே நாளில் இருமலில் ரத்தம் திரும்பியது.

"ஊசி போட்டுகினு வாங்க" என்று மன்றாடினாள் மனைவி அபிதகுசாம்பாள்.

"சாமி குத்தம் ஆயிடும். சும்மா கெட."

அபிதகுசாம்பாள் பட்டுக்குச் சாயம் போடுகிறவள். புருஷன் தறியில் சிந்திய சாறு, வெள்ளைப் பட்டில் கழுவக் கழுவப் போகாமல் நின்றது. அவளுக்குத் தெரியாத நிறமா?

மறுநாள் அடுப்பும் சட்டியுமாகச் சாமி எதிரிலேயே போய் உட்கார்ந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் பழச்சாறு கம்பெனியில் வேலை செய்யும் தம்பி சின்னதுரை, ஒரு டின்னோடு வந்திருந்தான்.

"ஆனியில பழத்தைக் கூழாக்கி, காய்ச்சி, டின்ல அடைச்சிடுவோம். அடுத்த மார்கழிக்கும் கெடாது" என்றான் அவன். "நாங்க யாரும் கண்ணை மூடறதில்ல சாமி."

ஒரு சட்டியில் டின் சாறு, மறு சட்டியில் சாமி சாறு. இரண்டும் கொதிக்கையில் சட்டிக்கொரு சிட்டம் வெள்ளைப் பட்டு நூலை முக்கி எடுத்து அலசினாள். டின் சாற்று நூல் பழைய வெள்ளைக்குத் திரும்பியது. சாமி சாற்று நூலோ முகூர்த்தப் புடவை மஞ்சள். அலச அலசப் பளபளத்தது.

"அது அருளின் நிறம், அம்மா" என்றார் சாமி.

"அந்த அருளு எங்க சாயக்கடையில பொட்டலத்துல கெடைக்குதுங்க. நீங்க உக்காந்திருக்கிற மான்தோலைக் கொஞ்சம் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. கூட்டம் தூக்கியது. சாயப் பொட்டலம், எலுமிச்சை உப்பு, சாக்கரின், மாம்பழ எசென்ஸ் சீசா. மாங்கொட்டை மட்டும்தான் அசல். நிமிர்ந்து பார்த்தால் சாமியைக் காணோம். அந்த மாதம் அவர் செய்த ஒரே அற்புதம் அது.

சாற்றுக்காகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாணிக்கவேல் மஞ்சள் நூலை விரலால் தேய்த்துப் பார்த்தார். "கெட்டிச் சாயம்டி. எத்தினி கழுவினாலும் போவாது."

"உங்க வயித்துக்குள்ள போனதை யாரு கழுவறது? ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள எழுந்து வாங்க."

எழுந்து போனார். பிழைத்ததும் ஊசியால்தான்.

ஆரணிக்காரர்களே, ஒரு சிட்டம் நூலைக்கூடச் சந்தேகப்படாமல் நீங்கள் தறியில் ஏற்றுவதில்லை. வாயில் ஊற்றிக்கொள்ளும்போது மட்டும் ஏன் கை கூப்புகிறீர்கள்?