நியாய விலையில் ஒரு கோல்

பிள்ளைகள் பந்து உதைப்பது எங்கும் நடக்கிற காரியம். அதை ஒருவர் படம் எடுப்பதும் நடக்கிற காரியம்தான். அந்தப் படத்துக்கு விலை உண்டு என்று சொன்னபோதுதான் பொதுமக்களின் மனசாட்சி விழித்துக்கொண்டது. சற்றுத் தாமதமாக அலுவலகமும் விழித்துக்கொண்டது.

விலை சொன்னவர் போட்டோக்கார அக்கா. முன்பு பாஸ்போர்ட் படம் எடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தார். கைபேசி வந்து அந்தக் கடையைத் தின்றுவிட்டது. கழுத்தில் கிடந்ததை விற்று முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கினார். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்குப் போய், எல்லைக் கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் குப்புறப் படுத்துப் படம் எடுப்பார். வீட்டுக்கு வந்து, கண் மூடியது, வாய் பிளந்தது, மூக்கில் விரல் விட்டது எல்லாவற்றையும் கழித்தால் நூற்றுக்கு ஏழெட்டு தேறும். ஒரு படத்தின் விலை, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைக்கு வாங்கித் தருகிற ஐஸ்கிரீமும், பிள்ளையைச் சாக்கிட்டு அப்பா சாப்பிடுகிற ஐஸ்கிரீமும் சேர்ந்த விலை. அவ்வளவுதான்.

முதல் ஆட்சேபம் கொசுறுவிடமிருந்து வந்தது. அது அவருடைய பெயரல்ல. எதை வாங்கினாலும் மேலே கொஞ்சம் கேட்பார் என்பதால் வந்த பட்டம். மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டபோதும் கேட்டார் என்று சொல்லுவார்கள், நாம் பார்க்கவில்லை. அவருடைய மகன் அணியில் முன்வரிசையில் ஆடுகிறவன்.

"இது என் பையன்தானே?" என்றார், படத்தைப் பார்த்து.

"ஆமா சார்."

"மூஞ்சி என் ஜாடை. ஷூ நான் வாங்கிக் கொடுத்தது. ஓடுறது அவன் கால். இதுல உங்களோடது எதும்மா?"

"எடுத்தது நான் சார்."

"அங்க இருந்ததைத்தானே எடுத்தீங்க? நீங்களா ஏதாவது வெச்சீங்களா?"

அக்கா பொறுமைசாலி. "கட்டாயமில்லை சார். வேணாம்னா விட்டுடுங்க."

"படம் வேணாம்னு யார் சொன்னா? விலைதான் வேணாங்கறேன்."

பின்னால் நின்ற பெற்றோர்கள் இந்த வாதத்தின் நியாயத்தை உடனே உணர்ந்தார்கள். பையன் காலில் இருந்த ஷூவின் விலைக்கு அக்காவிடம் நாற்பது படம் வாங்கலாம். அதை வாங்கும்போது கொசுறு வாயைத் திறக்கவில்லை. அந்த ஷூ கடை குளுகுளுவென்று இருந்தது. அங்கே பேரம் பேசினால் மரியாதையாக இருக்காது. அக்காவோ புல்லில் படுத்து எழுந்து, முழங்காலில் சேறோடு நின்றார். சேறோடு நிற்பவரிடம் பேரம் பேசாமல் போனால் அது அவருக்கே அவமானம் அல்லவா?

புகார் இளையோர் விளையாட்டு அலுவலகத்துக்குப் போனது. அங்கே உதவி இயக்குநர் ஒருவர் இருந்தார். விளையாட்டின்மேல் அபார மரியாதை கொண்டவர். அந்த மரியாதை காரணமாகவே மைதானத்தின் பக்கம் வந்ததில்லை. அக்காவையும் கொசுறுவையும் எதிரெதிரே உட்காரவைத்து, படத்தை மேஜைமேல் போட்டு, அதன்மேல் ஸ்கேலை வைத்தார்.

"இதுல பையன் எவ்வளவு இருக்கான்?"

"முழுசா இருக்கான் சார்" என்றார் அக்கா.

"பரப்பளவைக் கேட்கறேன். பாதிக்கு மேல வானம். அது பொதுச்சொத்து. கீழே புல். அது அலுவலகச் சொத்து. மிச்சம் இருக்கிறது கட்டைவிரல் அளவுக்கு ஒரு பையன். துணிக்கு மீட்டர் இருக்கு, மனைக்கு சதுர அடி இருக்கு. பிள்ளைக்கு மட்டும் ஏன்மா குத்துமதிப்பு?"

"சார், அந்த நிமிஷத்தைப் பிடிக்கறதுக்குத்தான் காசு. முழு ஆட்டமும் காத்துக்கிடக்கணும்."

"காத்திருக்கறதுக்குக் காசுன்னா, இந்த வராண்டாவுல உட்கார்ந்திருக்கற ஜனங்களுக்கெல்லாம் நான் சம்பளம் கொடுக்கணும்."

கொசுறு கைதட்டினார்.

ஒரே வாரத்தில் ஆணை வந்தது. இளையோர் விளையாட்டுப் படங்களின் விலை, படத்தில் காணப்படும் பிள்ளையின் பரப்பளவைப் பொறுத்தே அமையும். படத்தில் இன்னொரு பிள்ளை தென்பட்டால் இரு குடும்பத்தாரும் விலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பந்து தென்பட்டால், பந்து அலுவலகத்துடையது என்பதால், அதற்கு வாடகை தனி. பிள்ளை சிரித்திருந்தால் அது கேளிக்கை; கேளிக்கை வரி பொருந்தும். அழும் பிள்ளைகளுக்கு வரிவிலக்கு அளிக்கப்படுகிறது.

அடுத்த சனிக்கிழமை மைதானத்தின் ஓரம் ஒரே கூச்சல்.

"என் பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கான்னா, அதுக்கு நாங்க தண்டம் கட்டணுமா?" என்று ஒரு அம்மா அக்காவிடம் சண்டைக்கு வந்தார். "பக்கவாட்டுல எடுங்க."

"தள்ளி ஓடுடா! பக்கத்துல ஆள் வர்றான் பாரு, பங்கு பிரிக்கணும்!" என்று ஒரு மாமா கத்தினார்.

"பந்துகிட்ட போகாதே கண்ணு! வாடகை!" இது இன்னொரு அம்மா.

கொசுறுவின் மகன் மூன்று பேரைத் தாண்டி அழகாக ஓடிவந்து நின்று, அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். கொசுறு பதறிப்போய்க் கோட்டருகே ஓடினார்.

"அழுடா ராஜா, அழு."

"நல்லாத்தானேப்பா ஓடினேன்?"

"ரொம்ப நல்லா ஓடினே. அதான் படம் வாங்கப் போறேன். அழு."

பையனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. நல்ல படமாக அமைந்தது. வரியும் இல்லை.

மாதக்கடைசிக்குள் ஆட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. இரண்டு அணிப் பிள்ளைகளும் கைநீட்டினால் தொடாத தூரத்தில், ஒருவரையொருவர் மறைக்காமல், சோகமாக நின்றார்கள். பந்து நடுவில், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பை மாதிரிக் கிடந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கோச், அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், ஒருத்தரும் பந்தைத் தொட மாட்டேங்கறாங்க."

"யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றார் உதவி இயக்குநர்.

"இல்லை சார்."

"சண்டை, சச்சரவு?"

"இல்லை."

"தோல்வி?"

"கோலே விழலையே சார்."

"அப்ப என்னய்யா குறை? இந்த அலுவலகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து நாங்க எதிர்பார்த்த விளையாட்டே இதுதான்."

அக்காவின் பிழைப்பு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. கணவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்து, "இதுல பரப்பளவு கொஞ்சம் குறையுதே" என்பார்.

அக்காவின் மகளும் மைதானத்தில்தான் இருந்தாள். வயது பதினொன்று. கொசுறுவின் மகனுடைய அணிக்கு எதிரணியில் கோல் காப்பவள். பந்து அவள் பக்கம் வந்து வாரக்கணக்காகிவிட்டதால், கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து கையுறை நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா அவளை ஒரு படம்கூட எடுத்ததில்லை. விற்காத படத்துக்கு எதற்கு விரலைத் தேய்ப்பது?

இறுதி ஆட்டத்தன்று, கோப்பையைக் கொடுக்க உதவி இயக்குநரே வந்தார். பிள்ளைகள் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆட்டம் முடிய நேரம் நெருங்கியபோது ஒரு காற்று அடித்தது. பந்து மெல்ல அசைந்தது. உருண்டது. யாரும் தடுக்கவில்லை, வாடகை யார் கொடுப்பது? அக்காவின் மகள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பந்து அவளைத் தாண்டி உள்ளே போய், வலையில் ஓய்ந்து உட்கார்ந்தது. நடுவர் தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல விசில் ஊதினார்.

கோல். ஆணை வந்த பிறகு விழுந்த ஒரே கோல்.

"போட்டது யாரு?" என்றார் உதவி இயக்குநர்.

"காத்து சார்" என்றார் கோச்.

"காத்து எந்த அணி? பதிவு பண்ணியிருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப காத்தால போட முடியாது. போட்டவன் பேரும் அவன் போடற படமும் இல்லாம நான் கோப்பை கொடுக்க முடியாது."

கொசுறு கைதூக்கினார். "என் பையன் சார். அவன்தான் ஊதினான்." உடனே அணியின் மற்றப் பத்துப் பெற்றோர்களும் கைதூக்கினார்கள். மைதானத்தின் எதிர்முனையில் நின்ற அந்த அணியின் கோல்காப்பாளனுடைய அம்மாவும் அவர்களில் ஒருவர். உதவி இயக்குநர் எல்லோருடைய வாதங்களையும் கேட்டார். ஒருவரையும் பொய்யர் என்று சொல்ல ஆதாரம் இல்லாததால், பதினொரு பிள்ளைகளும் அந்தக் கோலைப் போட்டதாகத் தீர்மானித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியே போட்டுக் காட்டிப் படம் எடுத்துத் தர வேண்டும்.

"விலை சார்?" என்றார் அக்கா.

"இது படம் இல்லைம்மா, ஆவணம். ஆவணத்துக்கு நம்ம ஆணை பொருந்தாது. உங்க இஷ்டம்."

அக்கா பழைய விலையைப்போல ஐந்து மடங்கு சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொசுறு மட்டும், "கொசுறா இன்னொரு கோல் உண்டா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் வரிசையில் நின்று உதைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் மகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, கையை விரித்து, பந்தை உள்ளே விட்டாள்.

"இன்னும் எத்தனைம்மா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. நல்லா ஏமாந்த மாதிரி முகத்தை வெச்சுக்கோ."

கடைசியாகக் கொசுறுவின் மகன் வந்தான். பாவம், பந்தைத் தொட்டே மாதங்களாகியிருந்த பிள்ளை. ஆசை தீர ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து மேல்மூலைக்குச் சீறியது. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கால்கள் தரையை விட்டன. உடம்பு முழுக்க ஒரு கோடாக நீண்டது; இரண்டு கைகளின் விரல் நுனிகளும் பந்தைக் கவ்வின. கீழே விழுந்து உருண்டு, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து சிரித்தாள்.

அக்காவின் விரல் தானாகவே அமுங்கியிருந்தது. திரையைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை.

"ஐயையோ, அழிங்க அதை!" என்று கொசுறு அலறினார்.

உதவி இயக்குநரும் கவலைப்பட்டார். "அந்தப் படம் இருக்கிற வரைக்கும் கோல் சந்தேகத்துக்கு உரியது. இவன் போட்டது சந்தேகம்னா பதினொண்ணும் சந்தேகம்."

"இது என் பொண்ணு சார்" என்றார் அக்கா.

"இருக்கட்டும்மா. எவ்வளவு?" என்றார் கொசுறு.

அவர் வாயை அடைக்க வேண்டும் என்றே அக்கா ஒரு தொகையைச் சொன்னார். கேட்டவன் மயங்கி விழ வேண்டிய தொகை. கொசுறு பர்ஸைத் திறந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பர்ஸ்கள் திறந்தன. ஒரு வார்த்தை பேரம் இல்லை. அக்கா பணத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பணத்தைப் பார்த்தார். பிறகு அழிக்கிற பட்டனை அமுக்கினார்.

கோப்பை வழங்கப்பட்டது. அனைவரும் கைதட்டினார்கள். தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"அம்மா, நான் பறந்தேன்ல?"

"பறந்தே கண்ணு."

"காட்டேன்."

"இல்லைம்மா. வித்துட்டேன்."

"யாரு வாங்கினா?"

"எல்லாரும் சேர்ந்து."

"அப்ப அவங்ககிட்ட இருக்குமா?"

அக்கா லென்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே வந்தார். மகள், "நான் பிடிக்கலைன்னு ஆக்கறதுக்கா அவ்வளவு காசு கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த பருவம் தொடங்கியது. ஆட்டத்துக்கு முன்னால் அக்காவின் மகளிடம் கோல் வாங்க, அவளுடைய கோல் கம்பத்தருகே எதிரணி அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள். கீழ்மூலைக்கு ஒரு விலை, மேல்மூலைக்கு ஒரு விலை, அவள் பாய்ந்தும் தவறவிட வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை. யாரும் பேரம் பேசவில்லை. கோல் மழையாகப் பொழிந்தது. அக்காவின் படங்கள் சுடச்சுட விற்றன. பிள்ளைகளின் ஆட்டத்திறன் வியக்கத்தக்க வகையில் உயர்ந்துள்ளதாக அலுவலகம் அறிக்கை விட்டது.

உதவி இயக்குநர் ஒருநாள் திடீர் சோதனைக்கு வந்தார். வரிசையைப் பார்த்தார், விசாரித்தார், ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்தார். விலைப்பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்படவில்லை.

அன்று மதியமே கம்பத்தில் ஒட்டப்பட்டது. அக்காவின் கையெழுத்து அழகாக இருக்கும்.