பெல், நம்பர் ஒன்று

“அஞ்சு பேருல எவன் மேல போவான்னு நீதான் கண்ணு சொல்லோணும்,” என்றார் பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பன்.

அருள்செல்வன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அமெரிக்காவில் சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஐந்து பெயர்கள். ஐந்து பேரும் ஒரு பேஸ்பால் கிளப்பின் கீழ் டீமில் ஆடும் பையன்கள். அவர்களில் ஒருவனை இன்னும் இருபது நாளில் பெரிய டீமுக்குத் தூக்கப்போகிறார்கள். அவன் பெயரும் நம்பரும் முதுகில் போட்ட ஆறாயிரம் டீ-ஷர்ட் வேண்டும். யாரென்று அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் சரக்கு விமானம் ஏறியாக வேண்டும். இதையே பல்லடம் ரோட்டுக் கம்பெனியிடமும் கேட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். யாரிடம் முதலில் தயாராக இருக்கிறதோ அவர்களுக்கு ஆர்டர்.

“முன்கூட்டியே பேரை அடிச்சு வெச்சாத்தான் நாம முந்த முடியும். சரியாச் சொல்லிப்போட்டீன்னா சீனியர் மெர்ச்சண்டைசர் போஸ்ட் உனக்கு. தப்பாப் போச்சுன்னா...” முதலாளியின் பார்வை பக்கத்து மேசை சத்யப்பிரியா மேல் போய் நின்றது.

“ஏனுங்க, பேரில்லாமத் தெச்சு வெச்சுக்கலாமுங்க,” என்றாள் அவள். “ஆளு தெரிஞ்சதும் ஆளுங்களை அதிகமாப் போட்டு அடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிருமுங்க.”

அருள்செல்வனுக்குச் சுருக்கென்றது. நான்கு வருஷமாக அவன் காத்திருக்கும் போஸ்ட், பையர்களிடம் பேசி ஆர்டரை நடத்துகிற வேலை. அதற்குப் போட்டியாக இருப்பவள் எதற்காக நல்ல யோசனை சொல்கிறாள்? அவன் பிறவியே அப்படி. டீக்கடைக்காரர் “இன்னிக்கு டீ நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டால், நேற்று என்னத்தைக் கலந்தார் என்று யோசிக்கிற ஆள்.

“அது ரிஸ்க்குங்க முதலாளி. நான் பாத்துச் சொல்றனுங்க,” என்றான்.

மூன்று நாள் வீடியோ பார்த்தான். அடித்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு எதற்காக ஓடுகிறான் என்பதே ஒரு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ஆட்டம் புரியாவிட்டால் என்ன, ஆளைப் புரியாதா?

ஃபெர்னாண்டஸுக்கு இருபது வயது என்று போட்டிருந்தது. தாடியைப் பார்த்தால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மெக்காலிஸ்டர் எல்லாப் போட்டோவிலும் சிரித்தான். காரணமில்லாமல் இப்படிச் சிரிக்கிறவனை எப்படி நம்புவது? விட்ஃபீல்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் நல்லதாகவே எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை விசாரிக்கப் போகும்போது தெருவே சேர்ந்து தங்கமான பையன் என்றால், அங்கேதான் ஏதோ இருக்கும். பெல் என்று ஒருவன். முழங்கையில் ஆபரேஷன், மூன்று மாதமாகப் பெஞ்சில். அதற்கு முன்பும் கைக்கு வந்த பந்தையெல்லாம் விட்டிருக்கிறான். மிச்சம் ஹாரிங்டன், நம்பர் எண்பத்தெட்டு. அவன் எறிகிற பந்து எதிராளி கண்ணுக்கே தெரியவில்லை.

“ஹாரிங்டனுங்க முதலாளி.”

மங்கலத்தில் சகாயராஜின் பிரிண்டிங் பட்டறை. சகாயராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பல்லடம் ரோட்டுக் கம்பெனிக்கும் அவரேதான் அடிக்கிறார் என்பது அருள்செல்வனுக்கு நெஞ்சில் முள். ஐந்து பெயருக்கும் அச்சடிக்கும் ஸ்கிரீன் தயாராகிவிட்டது. இரண்டு கம்பெனிக்கும் அதுவே. முதல் தவணையாக ஆயிரம் ஹாரிங்டன் அடித்து முடித்தார்கள்.

மறுநாள் பார்வையிடப் போனவன், பல்லடம் ரோட்டுக் கம்பெனியின் பீஸ்கள் காயும் கொடியைக் கண்டு அப்படியே நின்றான். அங்கே தனியாக ஒரு பீஸ் தொங்கியது. முதுகில் ‘பெல்’. கீழே நம்பர் ஒன்று.

பெல்லா! அந்த ஒன்றுக்கும் ஆகாதவனையா போடுகிறார்கள்? பைத்தியக்காரர்களா அவர்கள்? இல்லை. அருள்செல்வனின் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஆகாதவனைப் போடுகிறார்கள் என்றால், கிளப்புக்கு உள்ளே இருந்து தகவல் வந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார வைத்திருப்பதே நாடகம்.

“சகாயண்ணா, நமக்கு ரெண்டாயிரம் பெல் அடிங்க. வெளிய மூச்சு விடப்படாது.”

“நான் எதுக்குண்ணே விடுதேன்?” என்றார் சகாயராஜ்.

இரண்டு நாள் கழித்துப் போனால், அந்தப் பக்கம் மூவாயிரம் பெல் அடுக்கியிருந்தது. அடுக்குக்கு முன்னால் அதை மறைத்துக்கொண்டு நின்றார் அந்தக் கம்பெனி மெர்ச்சண்டைசர் நல்லான். அருள்செல்வனும் தன் இரண்டாயிரத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.

“நல்லா இருக்கீங்களா? நீங்க யாரைப் போடறீங்க?” என்றார் நல்லான்.

“மெக்காலிஸ்டருங்க. சிரிச்ச மொகம். நீங்க?”

“அட, நாங்களும் அவனைத்தானுங்க!”

இருவரும் மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டார்கள். நல்லான் பொய் சொல்கிறார் என்பதில் அருள்செல்வனுக்கு அளவில்லாத சந்தோஷம். மறைக்கிறார் என்றால் உண்மைதானே? அன்றே ஆறாயிரத்துக்கும் பெல் என்று சொல்லிவிட்டான்.

முதலாளிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “கையொடஞ்சவனையா கண்ணு மேல எடுப்பாங்க?”

“உள்தகவலுங்க முதலாளி. இதுக்கு மேல கேக்காதீங்க.”

சத்யப்பிரியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அது இன்னும் மோசம். பட்டறையில் சும்மா கிடக்கும் அந்த ஆயிரம் ஹாரிங்டனை எடுத்து வந்து, ‘ஆயிரம் பீஸ் வீணுங்க, ஆளு யாருன்னே இவருக்கு உறுதி இல்லீங்க’ என்று முதலாளியிடம் காட்டிவிட்டால்? சகாயராஜைக் கூப்பிட்டான்.

“அந்த ஆயிரத்தையும் கிழிச்சுப்போடுங்க.”

“நல்ல பீசுண்ணே!”

“கண்ணுல படப்படாது. கை தொடைக்க வெச்சுக்கங்க.”

இருபதாம் நாள் காலையில் பையரின் மெயில் வந்தது. ஒரே வரி. ஹாரிங்டன்.

அருள்செல்வன் அதை நான்கு தரம் படித்தான். இந்த உலகத்தில் ஹாரிங்டனை முதலில் சொன்னவனே அவன்தான்.

“மொதல்ல ஆயிரம் அடிச்சியே, அது எங்க?” என்றார் முதலாளி.

கிழித்துக் கை துடைக்கக் கொடுத்ததை எப்படிச் சொல்வது? முதலாளி பக்கத்து மேசைக்குத் திரும்பினார். “சத்யா, பேரில்லாத பீஸ் எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு பாரு சாமி. பையர்கிட்ட இனி நீயே பேசு.”

போய்விட்டது. நான்கு வருஷம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது. அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. பைக்கை மங்கலத்துக்கு விரட்டினான்.

பட்டறையில் நல்லான் முன்பே வந்து கத்திக்கொண்டிருந்தார். அருள்செல்வனைக் கண்டதும் பாய்ந்தார். “வாங்க! எங்களைக் கெடுக்கறதுக்குன்னே பெல்லைப் போட்டீங்களா? என்ர வேலையே போச்சுங்க!”

“நானா? நீங்க போட்டீங்கன்னுதானுங்க நான் போட்டேன்!”

“நீங்க ரெண்டாயிரம் அடிச்சு அடுக்கினதைப் பாத்துத்தானுங்க நாங்க மூவாயிரம் அடிச்சோம்!”

“அதுக்கு முன்னாடியே உங்க கொடியில ஒண்ணு தொங்குச்சே?”

“எங்க கொடியிலயா? நாங்க அதுவரைக்கும் ஒருத்தனையுமே சொல்லலீங்களே!”

இருவரும் மெதுவாகத் திரும்பி சகாயராஜைப் பார்த்தார்கள். அவர் ‘ஹாரிங்டன்’ என்று எழுதிய கந்தல் ஒன்றில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓ, அதுவா?” என்றார். “புது ஸ்கிரீன் சரியா விழுதான்னு பாக்க, கையில கெடச்ச ஒரு வேஸ்ட் பீஸ்ல நான்தாம்ணே அடிச்சுக் காயப்போட்டேன். அஞ்சு பேருல அவனுக்குத்தான் இங்கிலீசுல நாலே எழுத்து, நம்பரும் ஒத்தக் கோடு. சாயப் பேஸ்ட் மிச்சம்லா?”