இரண்டு கதவு போதும்

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் மெர்வ் டக்வெல் தானாகப் போய்த் தேர்ந்தெடுத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு தொப்பி. அதையும் நோரீன் மறுநாளே கடையில் கொடுத்து வேறு நிறத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதனால்தான் அந்த மார்ச் மாதம், பழைய யூட் வண்டியின் அடித்தகடு துருப்பிடித்து, அவனுடைய மதியச் சாப்பாட்டோடு சேர்ந்து பொத்தென்று ரோட்டில் விழுந்தபோது அவனுக்குத் துக்கம் வரவில்லை. வீரம் வந்தது. காலுக்கடியில் தெரிந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே முடிவெடுத்தான். அடுத்த வண்டியை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நான் மட்டும்தான்.

டாரன்பா வட்டாரத்தில் யூட் இல்லாத மனுஷனுக்கு முகவரி கிடையாது. முன்னால் ஆள் உட்கார ஒரு கூடு, பின்னால் ஆடு, வைக்கோல், வேலிக்கம்பம் என்று எதை வேண்டுமானாலும் போட ஒரு திறந்த பாடி. அவ்வளவுதான் வண்டி. ஆனால் அந்தக் கூட்டுக்கு எத்தனை கதவு என்ற கேள்வியில் அங்கே பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொள்ளாமல் இருக்கின்றன. இரண்டு கதவு என்றால் இரண்டு பேர், நீளமான பாடி. நாலு கதவு என்றால் ஐந்து பேர், பாடி பாதியாகக் குறுகிவிடும்.

நோரீன் சமையலறை மேசையில் நாலு கதவு வண்டியின் படத்தை விரித்து வைத்திருந்தாள். பின்சீட்டின் மேல் பென்சிலால் மூன்று வட்டம் போட்டிருந்தாள். வட்டங்களுக்குள் பெயர்கள் வேறு. டல்சி, எனிட், மேவிஸ். முதல் பெயர் அவளுடைய அக்கா. மற்ற இருவரும் ஊர்மண்டபக் கமிட்டி. நோரீன்தான் அந்தக் கமிட்டிக்குச் செயலாளர். வியாழக்கிழமைதோறும் நாலு பேரும் அறுபது கிலோமீட்டர் தள்ளி உள்ள நகரத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள்.

மெர்வ் அந்த வட்டங்களைப் பார்த்தான். போக அறுபது, வர அறுபது. டல்சி ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு விஷயம் பேசுவாள்.

ஆடு ஏற்ற நீளமான பாடி வேண்டும், வேலிக்கம்பம் மூன்று மீட்டர், பின்சீட்டில் கம்பத்தை உட்கார வைக்க முடியாது என்றெல்லாம் அவன் எடுத்துச் சொன்னான். நோரீன் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். வழக்கமாக அவள் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்வாள், அதோடு பேச்சு முடியும். இந்தத் தடவை பெருமூச்சு விட்டாள்.

"சரி மெர்வ். உன் இஷ்டம். ரெண்டு கதவே வாங்கிக்கோ."

மெர்வ் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு. செப்டம்பர் விவசாய ஷோவுல, 'உழைக்கிற யூட்' போட்டி நீல ரிப்பன் உன் வண்டிக்கு வரணும். வரலைன்னா மறுநாளே அதைக் கொடுத்துட்டு நாலு கதவு எடுக்கணும். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை எங்க நாலு பேரையும் நீதான் கூட்டிட்டுப் போற."

"வந்துட்டா?"

"வந்துட்டா கதவைப் பத்தி இந்த வாய் தெறக்காது, ராசா."

முதல் பரிசான அந்த நீல ரிப்பனை ஆறு வருஷமாகப் பக்கத்துப் பண்ணை லெஸ் ஆர்ம்ஸ்பிதான் வாங்கிக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் வீரம் வந்த மனிதன் கணக்குப் பார்ப்பதில்லை. மெர்வ் கை நீட்டினான். நோரீன் குலுக்கினாள். தேநீர்க் கரண்டியைக் கீழே வைக்காமலே குலுக்கினாள்.

வண்டி வந்தது. வெள்ளை நிறம், இரண்டே கதவு. பாடி அத்தனை நீளம், ஒரு முனையில் மழை பெய்தால் மறுமுனையில் வெயில் அடிக்கும் என்று மெர்வ் மதுக்கடையில் சொன்னான்.

ஆனால் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டு. அதில் நோரீன் உட்காரலாம். அதைவிட மோசம், டல்சி உட்காரலாம். மெர்வ் ஒரு வாரம் யோசித்தான். பிறகு டிங்கரைக் கூப்பிட்டான்.

டிங்கர் அவனுடைய ஆட்டுநாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். மற்ற நாய்கள் பாடியில் நின்றுகொண்டு காற்று வாங்கும். டிங்கரை மெர்வ் உள்ளே, பக்கத்து சீட்டில் ஏற்றினான். கதவை வெளியிலிருந்து திறந்தான். டிங்கர் பல்லைக் காட்டினால் ஆட்டுக்கறித் துண்டு ஒன்று. உறுமினால் இரண்டு. மூன்றே நாளில் அந்தக் கதவை யார் தொட்டாலும் சீட்டு தன் பாட்டன் சொத்து என்பதுபோல் நாய் நடந்துகொண்டது. டல்சி ஒருமுறை கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் தன் கையுறையில் ஒரு விரல் குறைந்து வீடு திரும்பினாள்.

நோரீன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் விதைப்பு தொடங்கியது. மெர்வ் காலையில் மோட்டார் சைக்கிளில் பின்காட்டுக்குப் போய் டிராக்டரில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். யூட் கொட்டகையில் நிற்கும். சாவி எல்லோரும் வைக்கிற மாதிரி வண்டியிலேயே இருக்கும். டிங்கரும் வண்டியிலேயே இருக்கும். வெள்ளியும் சனியும்தான் மெர்வ் அதை வெளியே எடுத்தான்.

எடுத்த முதல் சனிக்கிழமையே அந்த அதிசயத்தைக் கவனித்தான்.

அந்தப் பக்கத்து ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை ஒரு அங்குலம் தூக்க வேண்டும். அதுதான் வணக்கம். தூக்காதவன் வெளியூர்க்காரன். தெரிந்தவனுக்கு ஒரு விரல். ரொம்ப வேண்டியவனுக்கு இரண்டு. கையையே தூக்கினார்கள் என்றால் நீ அவர்கள் வீட்டுத் தீயை அணைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் மெர்வுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு விரல்தான். அதுவும் முக்கால்வாசி அரை விரல்.

இப்போது எல்லோரும் இரண்டு விரல் தூக்கினார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர் முழுக்கையையும் தூக்கினார். பஸ்ஸுக்குள்ளிருந்து பிள்ளைகள் கையசைத்தார்கள். யாருக்குமே விரல் தூக்காத தபால்காரி எஸ்மி, தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள். கிட்டே வந்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று மெர்வ் நினைத்துக்கொண்டான்.

வண்டி மனிதனை உயர்த்தும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இவ்வளவு உயர்த்தும் என்று தெரியாது.

இன்னும் சில அதிசயங்கள் இருந்தன. வண்டியில் ஏறும்போதெல்லாம் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. போன வாரம் இடிக்கவில்லையே என்று சீட்டைப் பின்னால் தள்ளுவான். அடுத்த வாரம் மறுபடி இடிக்கும். ஐம்பத்தெட்டு வயதில் கால் வளர்கிறதோ என்று கண்ணாடி முன் நின்று பார்த்தான். வளர்ந்த மாதிரிதான் தோன்றியது.

டிங்கர் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. பதவி ஒத்துக்கொண்டுவிட்டது என்று மெர்வ் முடிவுகட்டினான்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட அதிசயம் டீசல். மே மாதம் போய் ஜூன் வந்தது, ஜூலையும் முடிந்தது. டீசல் அளவு காட்டும் முள் 'நிறைவு' கோட்டிலேயே நின்றது. மெர்வ் முள்ளைத் தட்டிப் பார்த்தான். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தான். நிஜமாகவே நிறைந்துதான் இருந்தது.

மதுக்கடையில் லெஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து இதை விவரித்தான். ரெண்டு கதவு வண்டியில் கனம் குறைவு, அதனால் டீசல் குடிப்பதே இல்லை, சும்மா முகர்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான் என்றான். லெஸ்ஸுக்குப் பீர் புரையேறியது. முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

"நல்ல வண்டிதான் மெர்வ்," என்றான் லெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வருஷம் நான் ஷோவுக்கு என் வண்டியைக் கொண்டு வரலை. உன் வண்டி முன்னாடி நிக்க வெக்கமா இருக்கு."

அன்று மெர்வ் வீட்டுக்கு வந்து நோரீனிடம் போட்டி விண்ணப்பத்தைக் கொடுத்தான். காகித வேலையெல்லாம் அவள் பொறுப்பு. வண்டி எண்ணை மட்டும் தப்பில்லாமல் எழுதச் சொன்னான். மற்றதை நீயே நிரப்பிக்கொள் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டான்.

செப்டம்பர் ஷோ. மைதானத்தில் பதினோரு யூட் வரிசையாக நின்றன. மெர்வ் தொப்பியைத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டு தன் வண்டியின் பக்கத்தில் நின்றான். பாடியில் நோரீன் மண்டபக் கமிட்டியின் பூசணிக்காய்களை ஏற்றி வைத்திருந்தாள். காய்கறிக் கூடாரத்துக்குப் போக வேண்டியவை. போட்டி நாளில்கூட இந்த மனுஷி சுமை ஏற்றாமல் விடமாட்டாள் என்று அவன் முனகினான். டிங்கர் உள்ளே உட்கார்ந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவர் ஹார்குட், ஓய்வுபெற்ற ஆட்டுத் தரகர். பளபளப்புக்கு அவரிடம் மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று, இது இந்த வருஷம் என்ன வேலை செய்தது என்று கூடியிருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார். சொந்தக்காரன் சொல்வது எடுபடாது. ஊர் சொல்ல வேண்டும்.

மெர்வின் வண்டிக்கு முன் வந்து கேட்டார். மெர்வ் கூட்டத்தைப் பார்த்தான். யார் சொல்வார்கள்? அவன் ஏற்றியது முப்பது ஆடும் கொஞ்சம் வேலிக்கம்பமும். தோற்றால் வியாழக்கிழமை. டல்சி. நூற்றிருபது கிலோமீட்டர்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை முதலில் வாயைத் திறந்தார். மழை வெள்ளத்தில் பள்ளிக்கூடப் பியானோவை இந்த வண்டிதான் மேட்டுக்குக் கொண்டு போனது என்றார். மெர்வ் திரும்பிப் பார்த்தான். வேறு வண்டியைச் சொல்கிறாரோ? இல்லை, இதன் மேல்தான் கை வைத்திருந்தார். அடுத்து ஒரு கிழவர். கிணறு வற்றினபோது பதினான்கு தடவை தண்ணீர்த் தொட்டி கொண்டு வந்தது, நீளமான பாடி இல்லாவிட்டால் தொட்டியே ஏறியிருக்காது என்றார். தபால்காரி எஸ்மி தன்னுடைய வண்டி ஆற்றுமணலில் மாட்டியபோது இழுத்துவிட்டது இதுதான் என்றாள். பஸ் ஓட்டுநர் தன் அம்மாவின் கட்டிலைச் சொன்னார்.

மெர்வுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. ரிப்பன் தன் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போய் எதையும் திருத்துவது மரியாதை இல்லை. தலையைச் சற்றுக் குனிந்து, இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டொரு தடவை அடக்கமாகக் கையைக்கூட அசைத்தான்.

ஹார்குட் ஒலிபெருக்கியை வாங்கினார். நீல ரிப்பன் டக்வெல் குடும்பத்து வண்டிக்கு என்றார். மைதானம் கை தட்டியது. மெர்வ் தொப்பியைக் கழற்றி, வலது காலை எடுத்து முன்னே வைத்தான்.

"ஓட்டுநர்," என்று ஹார்குட் விண்ணப்பத்தைப் படித்தார், "திருமதி நோரீன் டக்வெல்."

வைத்த காலை மெர்வ் மெதுவாகப் பின்னால் எடுத்தான்.

நோரீன் ரிப்பனை வாங்கிக்கொண்டு வந்து வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினாள். முழங்கால், டீசல், தடித்த நாய், இரண்டு விரல் எல்லாம் மெர்வின் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

"மத்த நாளெல்லாம் வண்டியை எடுத்தது நீதானா?"

"கொட்டகையில சும்மா நின்னுச்சு. நீயும் கேக்கலை."

"நீ நாலு கதவு வேணும்னுதானே அடம்பிடிச்சே?"

"நாலு கதவு வாங்கியிருந்தா தண்ணித் தொட்டிய எங்க வைக்கிறது, டல்சி மடியிலயா? மண்டபத்துக்கு நீளமான பாடிதான் வேணும்னு ஜனவரி கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு." ரிப்பனின் சுருக்கத்தை நீவி விட்டாள். "நான் ரெண்டு கதவு கேட்டிருந்தா நீ என்ன வாங்கியிருப்பே மெர்வ்?"

மெர்வ் நேர்மையான மனிதன். யோசித்துப் பார்த்தான்.

"நாலு."

"அதான்."

ஜெயித்த வண்டி மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். அது வழக்கம். நோரீன் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். சீட்டைத் தள்ள வேண்டிய வேலையே இல்லை, அவள் முழங்காலுக்கு அது சரியாக இருந்தது. மெர்வ் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தான். டிங்கர் பல்லைக் காட்டியது. மெர்வ் கையை நீட்டினான். டிங்கர் உறுமியது. சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரு எழுத்து பிசகவில்லை. நோரீன் பையிலிருந்து ஒரு ஸ்கோன் ரொட்டியை எடுத்து நாய்க்குக் கொடுத்தாள்.

"அதுக்குப் பாடம் நடத்தினது நீ. நான் என்ன செய்ய? பின்னாடி ஏறிக்கோ ராசா. பாடி நல்ல நீளம்."

வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் கிளம்பியது. வேலியோரம் நின்ற ஊரே விரல் தூக்கியது. இரண்டு விரல், முழுக்கை, சிலர் தொப்பி. நோரீன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை அலட்சியமாகத் தூக்கிப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்தில் டிங்கர் கவர்னரைப் போல இருபுறமும் பார்த்தது.

மெர்வும் விரல் தூக்கலாம் என்றுதான் பார்த்தான், ஆனால் இரண்டு கையும் பூசணிக்காய் உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.