ரைட்டர் வீட்டு ஹார்ன் ஸ்பீக்கர்

மழை பிடித்ததும் மனுவேல் வீட்டு டி.வி. ஊமையாகிவிட்டது. படம் ஓடியது, வாய்கள் அசைந்தன, தகரக் கூரைமேல் ஏற்காட்டு மழை மட்டும் பேசியது. மனுவேல் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். கரகரப்புத்தான் கூடியது.

"ஒண்ணுமே கேக்கலீங்க," என்று ஜெயகுமாரி எழுந்தாள். "வீராயி ஊடு வரைக்கும் போய்ட்டு வந்தர்றனுங்க."

"மழை பெய்யுதே?"

"கொடை இருக்குதுங்க."

போயேவிட்டாள். இது இன்று நேற்றுக் கதையில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சீரியல் தொடங்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். எல்லாச் சீரியலும் முடிந்த பிறகுதான் திரும்புவாள்.

மனுவேல் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போட்டுப் போட்டே ஆயுசில் பாதி போயிற்று. ஓய்வு பெற்றதும் எஸ்டேட்டை ஒட்டிச் சொந்தமாக ஒரு வீடு, நாலு மிளகுக் கொடி. சாயங்காலமானால் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார, இரண்டு பேருமாக ஒரு படம் பார்க்க வேண்டும். மனிதருக்கு இருந்த ஆசையே அவ்வளவுதான். அதுகூட நடக்கவில்லையென்றால் என்ன ஓய்வு, என்ன வாழ்க்கை!

வீராயி அந்த எஸ்டேட்டில் பழம் பறிப்பவள், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பவள். அவள் அப்படி என்ன டி.வி. வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் ரைட்டர் லைன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது எஸ்டேட் வழக்கம். ஆள் வேண்டுமென்றால் பாதையில் நின்று குரல் கொடுப்பார். வேலை போனாலும் வழக்கம் போகுமா? சரி, மனைவியிடமே கேட்கலாமென்றால் மானம் தடுத்தது.

'அவ ஊட்டு டி.வி. மழையிலும் கேக்குது, நம்முளுது கேக்கல. விஷயம் அவ்வளவுதான்' என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

மறுநாளே மைத்துனன் ரொனால்டைக் கூப்பிட்டுவிட்டார். ரொனால்ட் மலைமேல் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான்.

"பெரிய பாக்ஸா ஒண்ணு வாங்கிரலாமா மாப்ள?"

"வாங்கலாமுங்க மாமா. கரண்ட்டுக்கு எங்க போறது? பொழுது உழுந்தா உங்க ஊட்டு பல்பே மெழுகுவத்தியாட்டந்தான் எரியுது. பெரிய பாக்ஸ் நொம்பக் கரண்ட்டு குடிக்குமுங்க. உங்களுக்கு ஹார்ன்தான் சரி. துளியூண்டு வாட்டு குடுத்தாப் போதும், கணீர்னு கேக்கும்."

"வெலை?"

"வெளிநாட்டுச் சரக்குன்னா, உங்க மொளகு பூராவும் வித்தாலும் ஒத்தக் காதுக்குத்தான் ஆகுமுங்க. நம்ம தோதுக்கு நானே பாக்கறனுங்க."

அன்றிலிருந்து மனுவேலுக்குத் தூக்கம் போயிற்று. ஹார்னைப் பற்றிப் பேசும் வீடியோ எல்லாவற்றையும் பார்த்தார். ஒருவன் மரப்பெட்டி என்றான், இன்னொருவன் மரமே ஆகாது என்றான். கண் எரிந்ததுதான் மிச்சம். ரொனால்ட் முதலில் கொண்டுவந்தது குட்டி ஹார்ன். அதில் வில்லன்கூட ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கால் மிரட்டினான். அடுத்து வந்தது கோபுரத்தில் கட்டுகிற குழாய். பேச்சு பளிச்சென்று கேட்டது. ஆனால் படத்தில் பாலம் இடிந்து விழுந்தபோது யாரோ தீப்பெட்டியைக் கீழே போட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவதாக, சேலத்தில் மூடிப்போன ஒரு தியேட்டரில் கழற்றிய ஹார்ன்கள் சல்லிசாகக் கிடைத்தன. சில்வர் ஓக் பலகையில் பெட்டி அடித்து, ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுதோறும் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடத்தில் வைத்தபோது கூடம் காணாமல் போய்விட்டது.

படம் போட்டார்கள். கதாநாயகி மெதுவாக "அம்மா" என்று முனகினாள். சமையலறையில் தட்டுகள் குதித்துக் கீழே விழுந்தன. ஜெயகுமாரி தட்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு மழைகூட இல்லை.

"தள்ளி உக்காரோணுமுங்க மாமா. தியேட்டர் சாமான், தியேட்டர் தூரம் கேக்குது," என்றான் ரொனால்ட்.

சோபா சமையலறை வாசலுக்குப் போனது. மறுநாள் காலையில் ஜெயகுமாரி காப்பித் தம்ளரோடு சோபாவைத் தாண்டிக் குதித்து வந்தாள்.

"ஏனுங்க, இந்த வயசுல எனக்கு இது தேவைங்களா?"

அவள் கேட்டது நியாயம்தான். அன்று மாலையே சோபா முன்வாசலுக்குப் போனது. ஹார்ன்களின் வாயை வாசல் பக்கம் திருப்பியாயிற்று. ரொனால்ட் ஒரு பென் டிரைவைச் செருகி, "பாட்டுப் போட்டுச் செட் பண்ணிக்கங்க மாமா," என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்கு ஓடினான்.

"நீயும் வந்து உக்காரு," என்று மனுவேல் சோபாவைத் தட்டினார்.

"பனியிலீங்களா? நீங்க கேளுங்க. நான் போய்ட்டு வந்தர்றனுங்க."

அவளுடைய செல்போன்கூட உள்ளே சார்ஜில் கிடந்தது. மனுவேல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். மனம் விட்டுப்போயிற்று. பாட்டு என்னவோ அருமையாகத்தான் இருந்தது. உருக்கமான கிறிஸ்தவப் பாட்டு, கணீரென்று பள்ளத்தைத் தாண்டிப் போனது. எங்கேயோ கேட்ட பாட்டு என்று மட்டும் தோன்றியது.

பாட்டு முடிந்து, திரும்பவும் அதே பாட்டு வந்து, அதுவும் முடிகிற சமயத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. மஞ்சக்குட்டை அங்கப்பன், எஸ்டேட்டின் பழைய மேஸ்திரி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் ரோஜா மாலை.

"ரைட்டருங்க! அம்மா இப்படிப் பண்ணிட்டாங்களே!" என்று அங்கப்பன் அவரைக் கட்டிக்கொண்டார்.

"யாரு? என்ன பண்ணுனா?"

"நேத்துக்கூட என்னையப் பாத்துச் சாப்பிட்டயான்னு கேட்டாங்களே!"

மனுவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. மலைமேல் எந்தக் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் ரொனால்ட்தான் ஸ்பீக்கர் கட்டுவான். கட்டியதும் போடுகிற முதல் பாட்டு இதுதான். மலைக்கே தெரிந்த பாட்டு! அது ரைட்டர் வீட்டில் ஓடுகிறது, ரைட்டர் தலையில் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், வீட்டம்மாவைக் காணோம். இதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்?

"அட, அவ உசுரோட இருக்கறாய்யா!"

"அப்படித்தானுங்க இருக்கும். மொதல் நாள் மனசு நம்பாதுங்க," என்று அங்கப்பன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பாட்டை நிறுத்த ஓடியவர், பதற்றத்தில் குமிழைக் கூட்டுகிற பக்கம் திருப்பிவிட்டார். அதுவரை கேட்காமல் இருந்த பக்கத்து ஊர் செம்மநத்தத்துக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. ஒயரைப் பிடுங்கி எறிந்து நிமிர்ந்தால் அவருடைய செல்போன் அடிக்கிறது. அதற்குள் யாரோ சொன்ன சேதி கேட்டுச் சேலத்தில் பஸ் ஏறிவிட்ட மகள் ரூபி.

"அப்பா! அம்மாகிட்ட ஃபோனக் குடுங்க!"

"அவ ஊட்ல இல்ல கண்ணு..."

"ஐயோ, எடுத்துட்டாங்களா!" என்று ரூபி பஸ்ஸிலிருந்தபடியே அலறினாள். பஸ்ஸே அழுகிற சத்தம் கேட்டது.

மனுவேல் போனை வைக்காமலே லைன் பக்கம் ஓடினார். பின்னால் மாலையோடு மொத்தக் கூட்டமும் வந்தது. வழக்கம்போலப் பாதையிலேயே நின்று, "வீராயி! ஏ வீராயி!" என்று கூப்பிட்டார். பதிலில்லை. போனில் மகள் விம்முகிறாள். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லைன் வீட்டு வாசலை மிதித்துக் கதவைத் தள்ளினார்.

"உஸ்ஸ்ஸ்," என்று வீராயி உள்ளே இருந்து கை காட்டினாள். அவரைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தாள். "வாங்க ரைட்டருங்க. மெதுவாப் பேசுங்க, அந்தப் பாட்டு நின்னப்பறந்தான் கண்ணசந்தாங்க."

ஜெயகுமாரி பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். மடித்த சேலை தலைக்கு. வாய் லேசாகத் திறந்து, சன்னமாகக் குறட்டை வந்துகொண்டிருந்தது. மனுவேலுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. போனை அவள் மூக்கருகில் பிடித்தார்.

"கேளு கண்ணு, உங்கம்மாதான்."

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆமாப்பா, அம்மாதான்," என்று ரூபி மூக்கை உறிஞ்சினாள். வாசலில் கூட்டம் பெருமூச்சு விட்டது. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொண்டுவந்தவர் விழித்தார்.

ஆசுவாசம் வந்ததும் மனுவேலுக்குப் பழைய ஆவலும் வந்துவிட்டது. நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காலண்டர், மிளகு மூட்டை, அடுக்கிய பாத்திரம்.

"ஏ வீராயி, டி.வி.யை எங்க வச்சிருக்கற?" என்று மெதுவாகக் கேட்டார்.

வீராயி சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"டி.வி.ங்களா? அது இருந்துச்சுன்னா அம்மா எதுக்குங்க இங்க வர்றாங்க?"