தாங்கள் இருக்கும் பட்சத்தில்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் அதை நம்பி உங்கள் தங்கை இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருந்துவிடுவாள் என்பதால் எழுதவில்லை. நீங்களும், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் முதலில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் "சொல்லுங்க" என்பீர்கள். கூடத்தில் இருப்பவர்கள், சமையலறையில் இருப்பவர்கள், எதிர்வீட்டில் காது கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் நான் பேசுவதைக் கேட்பார்கள். இது உங்கள் ஒருவருக்கு மட்டும் எழுதுகிற சங்கதி. படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருந்தால் அது தவறு. இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதுவும் தவறு. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

முப்பத்தொரு வருஷம் நான் லிஃப்ட் பரிசோதகராக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு லிஃப்டைத் தாங்க ஒரு கயிறே போதும், மச்சான். ஆனால் ஆறு கட்டுவார்கள். ஆறும் அறுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கவ்வி இருக்கும். கவ்வியும் கைவிட்டால் கீழே குழியில் ஸ்பிரிங் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்பிரிங்குக்கும் கீழே என்ன இருக்கிறது என்று என் மேலதிகாரியைக் கேட்டேன். "அதுக்குக் கீழ கடவுள்தான்" என்றார். அவர் சலிப்பில் சொன்னதை நான் தொழில்நுட்பத் தகவலாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் சொந்தப் பரிசோதனைப் பட்டியலில் கடைசி வரி அவர்தான். குடை இரண்டு, டார்ச் மூன்று, வீட்டுச் சாவி ஐந்து, கடவுள். எல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்றுதான். ஆபீசில் எனக்கு 'எதுக்கும்' என்றே பெயர். "எதுக்கும் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். நானும் "வந்தாச்சு" என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஐந்தாம் மாடிக் கணக்கு வாத்தியாருடன் பழக்கமாயிற்று. அவரும் ஓய்வு பெற்றவர். ஆனால் கணக்கு அவரை விடவில்லை. ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டார். "கடவுள் இருக்கார், நீங்க நம்பினீங்க, அப்படின்னா உங்களுக்கு அளவில்லாத லாபம். இருக்கார், நீங்க நம்பல, அப்ப தொலைஞ்சீங்க. இல்ல, ஆனா நம்பினீங்க, பெரிசா ஒண்ணும் போகல. இல்ல, நம்பவும் இல்ல, அதுல ஒண்ணும் வரல. இப்பச் சொல்லுங்க, இருக்காரா இல்லையா?" என்றார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக ஒரு மாணவன்கூட முதல் தடவையிலேயே விடை சொன்னதில்லையாம்.

அத்தோடு விட்டிருந்தால் நானும் பிழைத்திருப்பேன். மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஆனா சார், எந்தக் கடவுள்னு கேக்க விட்டுட்டோமே" என்றார். எங்கள் பகுதியில் தெருமுனையில் ஒன்று, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒன்று, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் போக ஆரம்பித்தேன். ஒன்றில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஒன்றில் தலையை மூட வேண்டும், ஒன்றில் மண்டியிட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் தொப்பி போட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். அது எந்த இடம் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. யாரும் மனம் கோணக்கூடாது என்பதால் வேண்டுதலில் பெயர் போடுவதையே நிறுத்திவிட்டு, "சம்பந்தப்பட்டவர் அவர்களுக்கு" என்று பொதுவாக ஆரம்பித்தேன். அதை உதடு மட்டும் அசையச் சொல்வேன். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் மாதிரி உருகி வேண்டுகிறவர் இந்த ஊரிலேயே இல்லை என்று கீழ்வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒரு மாதம் கழித்து வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "சார், இன்னொரு கட்டம் இருக்கு. கடவுள் இருந்து, அவருக்குப் பந்தயம் கட்டறவங்களைப் பிடிக்கலைன்னா? லாபத்துக்காக நம்பறவன விட நேர்மையா நம்பாதவன்தான் தேவலைன்னு நெனச்சார்னா?" என்றார். நான் தூக்கம் இழந்தேன். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வாரம் முழுவதும் நம்புவது. வியாழக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை மட்டும் நேர்மையாக நம்பாமல் இருப்பது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். தும்மல் வந்தால்கூட வாய் தவறிக் கடவுளே என்றுவிடக் கூடாதே என்று கையால் பொத்திக்கொள்வேன். லேசான வேலை இல்லை, மச்சான். உங்கள் தங்கை அதை நான் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதாக நினைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை அவளுடைய முழங்கால் வலிக்கு டாக்டர் பத்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் நம்பாமையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லிஃப்டில் வாத்தியாரும் இருந்தார். நான்காம் மாடியிலிருந்து இறங்கி, மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. டார்ச்சை எடுத்தேன். "போன மாசம் நீங்கதானே சார் பாத்துட்டு நல்லா இருக்குன்னீங்க" என்றார் வாத்தியார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூடிய இடம் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். "என்னங்க, வேண்டிக்கோங்க. நீங்க வேண்டினா நடக்கும்" என்றாள்.

மணி பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டு. "பதினோரு மணி ஆகட்டும்" என்றேன்.

"எதுக்கு?"

"இப்ப நான் நம்பறதில்ல."

"என்னது?"

"பதினெட்டு நிமிஷம் கழிச்சு நம்புவேன். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் கையை எடுத்துவிட்டாள். வாத்தியார் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரில் முழு நீளக் கண்ணாடி இருப்பதால் எங்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலண்டர் தாளில் தொடங்கி வியாழக்கிழமை வரை எல்லாவற்றையும் விளக்கினேன். சரியாகப் பதினோரு மணிக்கு வேண்ட ஆரம்பித்தேன். ஆனால் பதற்றத்தில், வழக்கமாக உதட்டுக்குள் சொல்வதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். "சம்பந்தப்பட்டவர் அவர்களுக்கு. தாங்கள் இருக்கும் பட்சத்தில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் சிக்கியிருக்கும் எங்கள் மூவரையும் பத்திரமாக இறக்கிவிடவும். தாங்கள் இல்லாத பட்சத்தில், இந்த வேண்டுதலைப் பொருட்படுத்த வேண்டாம்." இல்லாத பட்சத்தில் என்று சொல்லும்போது லிஃப்ட் அரை அடி கீழே இறங்கியது. அது பிரேக் தளர்ந்ததால் நடந்தது, எழுதிக் கொடுக்கவும் தயார். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. "இல்லாதவர்கிட்டப் போய் பொருட்படுத்த வேண்டாம்னு எப்படிங்க சொல்லுவீங்க?" என்று மட்டும் உங்கள் தங்கை கேட்டாள். "நல்ல கேள்வி" என்றார் வாத்தியார், கண்ணாடியைப் பார்த்தபடி.

மெக்கானிக் வந்து கதவைக் கையால் பிரித்து எங்களை மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டார். டாக்டரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வலிக்கிற காலோடு ஒரு மாடிப் படியை, நான் நீட்டிய கையைப் பிடிக்காமல் ஏறினாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "ஒண்ணு கேக்கறேன், நேராப் பதில் சொல்லுங்க. என்னையும் இப்படித்தான் வச்சிருக்கீங்களா? எதுக்கும் இருக்கட்டும்னு?" என்றாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத வாய் இது. "எதுக்கும் யோசிச்சுச் சொல்றேன்" என்றது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வாத்தியாரிடம் போய் நின்றேன். "நம்பறவங்க மாதிரி நடந்துக்கிட்டே வாங்க சார், நம்பிக்கை தானா வந்துரும்" என்றார். நம்புகிறவன் எதற்கும் மாற்று வைத்துக்கொள்ளமாட்டான் அல்லவா? முதல் நாள் குடை இல்லாமல் வெளியே போனேன். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள், ஐந்து சாவியில் நான்கை லிஃப்ட் குழிக்குள் எறிந்தேன். திரும்ப எடுக்க முடியாத இடமாக இருந்தால்தானே அது நம்பிக்கை? ஆறாம் நாள் பட்டப்பகலில் குப்பைக்கூடையை வாசலில் வைக்க வெளியே வந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. ஐந்தாவது சாவி உள்ளே. குளித்துவிட்டு வந்திருந்ததால் இடுப்பில் ஒரு துண்டு, கையில் குப்பைக்கூடை. அந்தக் கோலத்தில் மெக்கானிக்கைப் பிடித்துக் குழியைத் திறக்கச் சொல்லி இறங்கினேன். மூன்று சாவி உடனே கிடைத்தது. நான்காவதைத் தேடும் சாக்கில் ஸ்பிரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சிமெண்ட் தரைதான் இருந்தது. "என்ன சார் பாக்கறீங்க?" என்றார் மெக்கானிக். "ஒண்ணுமில்லப்பா, இங்க ஒருத்தர் இருக்கறதா சொன்னாங்க" என்றேன்.

அப்படியே நிமிர்ந்து மேலே பார்த்தேன், மச்சான். ஆறு கயிறும் வரிசையாகத் தெரிந்தன. இனி எழுதுவதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் என் முகத்தை அவளிடம் எப்படிக் காட்டுவேன்? எனக்கு எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது. குடைக்குக் குடை, சாவிக்குச் சாவி, கடவுளுக்கே வாரத்தில் ஒரு மணி நேரம் மாற்று. ஆனால் இந்த முப்பத்தாறு வருஷத்தில் உங்கள் தங்கை இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நான் ஒருநாள்கூட யோசித்துப் பார்த்ததில்லை. ஏற்பாடே செய்யவில்லை. அவள் எனக்கு ஆறாவது கயிறு இல்லை. முப்பத்தாறு வருஷமாக நான் ஒற்றைக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறேன், பரிசோதகனாக இருந்தும் அது என் கண்ணில் படவில்லை. குழிக்குள் துண்டோடு நின்று அழுதேன். சாவி கிடைக்காத வருத்தம் என்று நினைத்து மெக்கானிக் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அவளிடம், "மாப்பிள்ளை இப்ப முழுசா நம்பறார், சந்தேகமெல்லாம் போயிடுச்சு, வியாழக்கிழமையை விட்டுட்டார்" என்று நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லி அனுப்பிவைக்கவும். உங்களிடம் மறைப்பானேன், கடவுள் விஷயத்தில் நான் இன்னும் பாதிக்குப் பாதிதான். வியாழக்கிழமையை விட்டது உண்மை. அதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் கீழ்வீட்டுக்குத் தையல் வேலை செய்யப் போவாள், சந்தேகம் வராது.

உங்கள் இல்லத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ, யார் பொறுப்போ அவர் அருளட்டும். தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, அவருக்குக் கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளாச்சு. உங்களுக்குச் சொல்லலையா? பதினஞ்சு நாளைக்கு எழுத்தையே பாக்கக் கூடாதாம். பேப்பர், வர்ற லெட்டர், எல்லாத்தையும் நாத்தனார்தான் சத்தமா வாசிச்சுக் காட்டறாங்க. நீங்க ஏதாவது எழுதறதா இருந்தாக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க" என்றாள். ஆக, இதை இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்தது நீதான். செவ்வாய்க்கிழமையும் தெரிந்துவிட்டது. கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்று புதுத் தாள் எடுத்தேன். செவ்வாய்க்கிழமையை மறைத்துவிடலாம், ஆனால் குழிக்குள் நின்று நினைத்ததை இன்னொரு முறை எழுத எனக்கு வராது. அதனால் இதையே தபாலில் போடுகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த இடத்தில் இருக்கிறது. மச்சானுக்கு அதை வாசிக்காதே, வாசித்துவிட்டிருந்தால் போகட்டும். வந்துவிடு. இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை.