கனவு கேட்க ஓர் ஆள் வேண்டும்

திருவனந்தபுரம், கரமனை
புதன்கிழமை, மதியம்

மதிப்பிற்குரிய அண்ணன் தாணுமாலையன் அவர்களுக்கு,

தங்கை விஜயம் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணனும் மதினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த மழையில் மதினிக்கு முட்டுவலி கூடியிருக்கும், வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்லவும். இங்கே நானும் உங்கள் மைத்துனரும் சுகம். சுகம் கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று அண்ணன் கேட்கலாம். முன்பெல்லாம் சாயந்திரம் ஏழு மணி தாண்டிவிட்டால், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவரைப் பற்றி யாரிடமும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஒன்றும் காதில் ஏறாது. இப்போது எல்லாம் ஏறுகிறது. அடுக்களையில் கடுகு பொரிந்தால் கூடத்திலிருந்து "தீ கூடிப்போச்சு" என்கிறார். அதனால் எழுத்துதான் பத்திரம். இப்போது தயிர் வாங்கப் போயிருக்கிறார். வர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு அண்ணன் இங்கே வந்தபோது, மகள் கல்யாணப் பேச்சை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் இலையில் தலைசாய்ந்து, மூக்கில் பாயசத்தோடு உறங்கிப்போனதும், "இந்த மனுசன் குடிய விடாம இனி நான் இந்த நடை ஏறமாட்டேன்" என்று அண்ணன் கை கழுவாமலே இறங்கிப்போனதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கு மறந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சித்திரை மாதம் ஒருநாள், ஆசாரிக்குக் கொடுக்க அடுக்களை அலமாரிக்கு ஒரு படம் வரைய உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைந்த கை. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு ஆற்றுத் தண்ணீர் போல நெளிந்தது. கிழித்துப்போட்டு இன்னொன்று போட்டார். அதுவும் நெளிந்தது. அந்தக் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோணிப்போச்சு விஜயம்" என்றார். மறுநாள் யாரும் சொல்லாமல் தானாகவே போய் டாக்டர் ஜெயஷீலாவைப் பார்த்துவிட்டு வந்தார். நம் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கிற அம்மா; தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

அடுத்த தடவை என்னையும் கூட்டிப்போனார். இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று வீரமாகச் சொன்னவரை அந்த அம்மா கையமர்த்தினார். "அது மட்டும் செய்யக் கூடாது கேட்டோ. இத்தன வருஷம் பழகின உடம்பு. பட்டுன்னு நிறுத்தினா ஜன்னி வரும், உயிருக்கே ஆபத்து. நான் சொல்றபடி பையப் பையக் குறைங்க" என்று இரத்தம் பரிசோதித்து, மாத்திரை எழுதி, வாராவாரம் வரச் சொல்லி, ஐந்தாவது வாரம்தான் முழுக்க நிறுத்த வைத்தார். அதுவரை தினமும் எத்தனை மணிக்கு, எவ்வளவு, ஏன் குடித்தோம் என்று எழுதிவைக்கச் சொன்னார். இவர் எழுதுகிற ஆளா? காலண்டரின் பின்பக்கம் படமாக வரைந்துவிட்டார். பொன்முடி மலையிலிருந்து இறங்குகிற ரோடு போல, அளவு குறையக் குறைய ஒரு சரிவு. விருந்தாளிகள் வந்து பார்த்து, "சார் மலைப்பக்கம் நிலம் வாங்குறீங்களா?" என்று கேட்கிறார்கள்.

வீட்டில் பாட்டில் இருக்கக்கூடாது என்றார் டாக்டர். நிறுத்திய அன்று மிச்சம் இருந்ததை வாழை மூட்டில் ஊற்றினார். அந்த வாழை இன்னும் குலை தள்ளவில்லை, யோசித்துக்கொண்டு நிற்கிறது. பசியோடு இருந்தால் ஆசை வரும், அதனால் சாயந்திரமே சாப்பிட்டுவிடுங்கள் என்றார். ஐந்து மணிக்கு நான் சோறு வடிக்கிறேன். ஒன்பது மணிக்கு மறுபடியும் பசிக்கிறது என்று வந்து நிற்கிறார். மதுக்கடை இருக்கிற வழியில் போகாதீர்கள் என்றார். கடை நம் வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் தயிர் வாங்க ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார். ஒருநாள் அந்தப் பக்கமும் குடிக்கிற கூட்டம் இருந்தது என்று முன்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அது விழிஞ்ஞம் பஸ். அங்கே துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றதாம். நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "ஆசை எப்பப் போச்சுன்னே தெரியல விஜயம். திரும்பிப் பாத்தா இல்ல" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தயிர் வாங்கப் போனவர் கையில் ஒரு கிலோ நெத்திலி; ஆடிச் செவ்வாயும் அதுவுமாக. நான் குளித்து விளக்கேற்றி விரதத்தில் இருக்கிறேன். தெருப் பூனைகளுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

குடிக்கத் தோன்றினால் இருபது நிமிஷம் பொறுங்கள், அலை மாதிரி எழும்பித் தானாக அடங்கிவிடும், அதுவரை கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய வினை. முதல் வாரம் பூண்டு உரித்தார். ஆறு மாதத்துப் பூண்டு. பிறகு மிக்ஸியைக் கழற்றினார். பிறகு குளியலறைக் கதவு கிரீச்சிடுகிறது என்று அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். இருபது நிமிஷத்தில் ஆசை போய்விட்டது. கதவைத் திரும்ப மாட்டுகிற ஆசையும் கூடவே போய்விட்டது. இரண்டு நாள் நான் பக்கத்துவீட்டு கௌசல்யா வீட்டில் குளித்தேன்.

எதிர்வீட்டுப் பத்மகுமாரை அண்ணனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தினமும் ஆறரைக்கு இவரோடு உட்கார்ந்து குடிக்க வருகிறவர். அவரிடம் இவர் நேராகவே சொல்லிவிட்டார். பத்மகுமாருக்கு முகம் வாடிப்போயிற்று. "ஒரு துள்ளி கூட இல்லையா சேட்டா? அப்போ நான் எங்க போவேன்?" என்றார். நான் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்து சோடா ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாசலைப் பார்த்தார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பது பதினெட்டு வருஷம் கழித்து அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் ஐந்து மணிக்கே வந்து, "சேட்டா, உரிக்க ஏதாவது மிச்சம் உண்டா?" என்று கேட்டார். இப்போது சின்ன உள்ளியும் தீர்ந்துவிட்டது.

நடுவில் ஒருநாள் சறுக்கினார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாண விருந்து. மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவர் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். "ரெண்டு பெக் போட்டுட்டேன்" என்றார். திட்டுவேன் என்று நினைத்தார்போல. "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றேன். அவரே டாக்டருக்குப் போன் போட்டார். "ஒருநாள் வழுக்கினதுக்கு மத்த நாளெல்லாம் இல்லாமப் போயிடாது. யார் கூட, எந்த நேரம், வயிறு காலியா இருந்துச்சான்னு குறிச்சுவைங்க. நாளைக்கே மறுபடி நடக்கலாம்" என்றாராம் அந்த அம்மா. காலண்டரில் ஒரு கொண்டை ஊசி வளைவு வரைந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பந்தி தாமதம். வெறும் வயிறு. வேண்டாம் என்று சொல்லப் பழகவில்லை.' அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறார். "வேண்டாம், நான் விட்டுட்டேன்." தமிழில் பத்து தடவை, மலையாளத்தில் பத்து தடவை. இப்போது இரண்டாவது தோசை வைக்கப் போனாலும் அதே குரலில், "வேண்டாம், நான் விட்டுட்டேன்."

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன் அண்ணா. பொறுக்க முடியாதது கனவுதான்.

நிறுத்திய பதினேழாம் நாள் காலை ஐந்து மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார். நெஞ்சுவலியோ என்று பதறி எழுந்தேன். "நான் ஒரு சொப்பனம் கண்டேன்" என்றார். முப்பது வருஷத்தில் முதல் சொப்பனமாம். ஊர் முழுக்கத் தரை கண்ணாடியாகிவிட்டதாம். கீழே அவர் வரைந்த குழாய்களெல்லாம் தெரிகிறதாம். எட்டங்குலக் குழாய், ஆறங்குலக் குழாய் எல்லாவற்றிலும் தண்ணீருக்குப் பதிலாக நிலா வெளிச்சம் ஓடுகிறதாம். இவர் செருப்பில்லாமல் நடந்துபோய் ஒவ்வொரு இணைப்பாகக் காதுவைத்துக் கேட்கிறாராம். கரமனை வளைவில் ஒரு ஒழுக்கு. அங்கிருந்து வெளிச்சம் கசிந்து கசிந்து நம் அடுக்களை வரைக்கும் வந்து, அரிசிப்பானைக்குள் நிறைந்து நிற்கிறதாம். "நான் அத அடைக்கல. அப்படியே விட்டுட்டேன், கேட்டியா" என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். "இத்தன நாள் அவர் உறங்கல, மயங்கிக் கிடந்தாரு. இப்பத்தான் நிஜமா உறங்குறாரு. சொப்பனம் வரும், வரட்டும்" என்றார். வருகிறது அண்ணா. தினமும் வருகிறது. நீள அகலத்தோடு வருகிறது. ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் பால் பொங்கி வழிகிற வரைக்கும் சொல்கிறார். மழை மேலிருந்து கீழே வராமல் பக்கவாட்டில் போகிறது. கிழக்கே கோட்டைப் பக்கத்து வீடுகளெல்லாம் படகுபோல மெல்ல ஆடுகின்றன. போன வாரம் பொன்முடி. ஒரே மூடுபனி. சத்தமில்லாமல் ஒரு பஸ் வருகிறது. ஜன்னலோரம் நான் குடையோடு உட்கார்ந்திருக்கிறேன். இவர் கால் தரையில் படாமல் கூடவே ஓடிவருகிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"நீ ஏன் பாக்கல?" என்று கேட்டார்.

"உங்க சொப்பனத்துல நான் என்ன செஞ்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு காரணம் இருக்கும்லா" என்றார். அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தார்.

சாயந்திரம் நான் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இவள் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "இத்தன வருஷமா இந்த நேரத்துல நீ என்ன செய்துட்டு இருந்தே?" என்று கேட்டார். "உங்களுக்கு அப்பளம் பொரிச்சுத் தந்துட்டு இருந்தேன்" என்றேன். "அதுக்கப்புறம்?" என்றார். அண்ணா, எனக்கு வந்த கோபம் சொல்லமுடியாது. அவர் குடித்த நாளில் ஒருநாள்கூட அப்படிக் கோபம் வந்ததில்லை. அப்போது அழுதேன், சாமிக்கு நேர்ந்தேன், அவ்வளவுதான். இத்தனை காலம் கேட்காத கேள்வியை இப்போது சாவகாசமாக வந்து கேட்கிறார். பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? அடுக்களைக்குப் போய்த் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

அதனால் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். அண்ணன் கேட்டது நடந்துவிட்டது. அவர் குடியை விட்டு மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகிறது, நடுவில் அந்த ஒருநாள் நீங்கலாக. சொன்ன சொல்லின்படி அண்ணன் இந்த நடை ஏறலாம். ஏறி, அவரைக் கையோடு நாகர்கோவிலுக்கு ஒரு பத்து நாள் கூட்டிப்போக வேண்டும். எனக்குத் தனியாகக் கொஞ்சம் மூச்சுவிட வேண்டும். சாயந்திரம் ஐந்து மணிக்குச் சோறு. ஆறரைக்கு எலுமிச்சம்பழச் சோடா. நடக்க ஆள் துணை. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் அண்ணன் ஒளித்துவைத்திருக்கும் பாட்டிலை மட்டும் அவர் வருவதற்கு முன் அப்புறப்படுத்தவும்; மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும், மதினியைக் கோபிக்கக் கூடாது. காலையில் கனவு சொல்வார். நடுவில் குறுக்கிடாமல் கேட்டால் போதும்.

மூத்தவர்கள் இரண்டு பேர் காலையும் தொட்டு வணங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு எங்கள் இரண்டு பேரின் ஆசிகள். தயிர் வரும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

அன்புத் தங்கை,
விஜயம்

பின்குறிப்பு: நேற்று இதை ஒட்டிவைத்தேன், தபாலில் போடவில்லை. இன்று வியாழன், பிரித்து இதைச் சேர்க்கிறேன். காலையில் அவர் என்னை எழுப்பவில்லை. நானாக ஐந்து மணிக்கு எழுந்து, காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தார். "இன்னைக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. நல்லா உறங்கிட்டேன்" என்றார். எனக்கு ஏனோ சப்பென்று ஆகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நான் ஒண்ணு கண்டேன்" என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே கண்டிருந்தேன் அண்ணா. நீளமான கனவு, பல வருஷத்துக் கனவு. அவர் காப்பியைத் தொடவே இல்லை. ஆடை படிந்து ஆறிப்போகிற வரைக்கும் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரிடத்தில் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது மட்டும், "பையச் சொன்னா போதும்" என்றார். பாதிகூட முடியவில்லை, பால்காரர் வந்துவிட்டார். மிச்சத்தைச் சாயந்திரம் ஆறரைக்குக் கேட்கிறேன் என்றார்.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். அவரைக் கூட்டிப்போக வேண்டாம். அண்ணனும் மதினியும் அவசியம் வரவேண்டும், ஆனால் காலையில் வரவும். ஆறரை மணிக்கு எங்களுக்கு வேலை இருக்கிறது.